உப்பு யாருக்கு, உவர் யாருக்கு

1818 மே 13-ஆம் தேதி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உப்பைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் எல்லைக்குள் இருக்கும் உப்பளங்களில் இனி உப்பு விளைவிக்கக் கூடாது. அதற்கு ஈடாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் கொடுக்கும். அந்தப் பணம் உப்பளச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடாகப் போய்ச் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1815-இல், பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பை மொத்தமாக வாங்கும் உரிமையை ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய்க்குக் கம்பெனி பெற்றிருந்தது. அதுவும் போதவில்லை, உப்பு விளையாமலே இருந்தால் இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். தன் லாபத்துக்கு இடைஞ்சலான நிலத்தைச் சும்மா கிடக்க வைக்க ஒரு பெரிய வணிக நிறுவனம் விலை வைத்த ஆவணம் இது. இழப்பீடு சொந்தக்காரர்களுக்கு என்றே எழுதப்பட்டது. பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்று பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், லாபத்தையும் சுற்றுச்சூழல் பொறுப்பையும் தாங்கள் எப்படிச் சமமாகக் கொண்டுபோகிறோம் என்று பளபளப்பான தாளில் பத்துப் பக்கம் இருக்கும். தராசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது, இரண்டு தட்டையும் அதுவே பார்த்துச் சரி செய்கிறது என்பது அதன் உட்பொருள். மரக்காணத்திலிருந்து குயிலாப்பாளையம் வரையிலான கடற்கரையின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்காது. எந்தச் செலவைத் தன் பேரேட்டில் எழுதுவது, எதை ஊரார் தலையில் விடுவது என்பதுதான் எப்போதும் கேள்வியாக இருந்திருக்கிறது. வெளியிலிருந்து யாராவது அந்தச் செலவை எழுத வைத்தபோது நிறுவனம் மாறியது. யாரும் எழுத வைக்காதபோது மாறவில்லை. எழுதியதை அரசே அழித்துக் கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்ற பாகுபாடு இதில் நமக்கு அதிகம் உதவாது.

கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது 1805-இல். உப்பு விளைவிப்பவர் அதைக் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். கம்பெனி வைத்த விலைக்குத்தான் மற்றவர்கள் வாங்க வேண்டும். இப்படி ஒரு விலை நிற்க வேண்டுமென்றால் வேறு உப்பு எங்கும் இருக்கக் கூடாது. கோடையில் உவர்ச் சதுப்புகளில் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பைக்கூட விட்டுவைக்காமல், காவலுக்கு ஆள் போட்டு அழிக்க வேண்டியிருந்தது. கடலும் வெயிலும் இலவசமாகத் தருவதை அழிப்பதும் ஒரு தொழிற்செலவாகிவிட்ட காலம் அது. பிரெஞ்சு எல்லை இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. பாண்டிச்சேரி ஒரே துண்டாக இருந்ததில்லை. தென்னாற்காடு மாவட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. ஒரு ஊர் ஆங்கிலேயனுடையது, வயலைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரனுடையது. இந்த ஒட்டுப்போட்ட எல்லையில் சுங்கம் வசூலிப்பவனுக்குத் தூக்கம் வருமா? எல்லையை மாற்ற முடியாத கம்பெனி, எல்லைக்கு அப்பால் இருந்த உப்பளங்களுக்குப் பணம் கொடுத்து அவற்றை முடக்கியது.

அந்த ஒட்டுப்போட்ட எல்லை இன்னும் அப்படியே இருக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது; 1962-இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது; ஆனால் கோடுகள் அழியவில்லை. குயிலாப்பாளையம் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் காலாப்பட்டு, அது புதுச்சேரி. அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு, மரக்காணம் உப்பளங்கள், கழுவெளிச் சதுப்பு. சாராயக் கடைப் பலகைகளைப் பார்த்து எல்லையை அடையாளம் கண்டுகொள்வோர் பலர். சுற்றுச்சூழல் விஷயத்தில் இந்தக் கோடு அவ்வளவு வேடிக்கையானதல்ல. ஆலைக்கு அனுமதி கொடுப்பது ஒரு அரசின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு; நிலத்தடி நீர் போகும் வழியில் இருப்பது இன்னொரு அரசின் ஊர். புதுச்சேரி துறைமுகம் இதற்கு எல்லோர் கண்ணிலும் படுகிற சான்று. 1986-க்கும் 1989-க்கும் இடையே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. முதலில் புதுச்சேரி நகரக் கடற்கரை போனது, பிறகு எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு மீனவ ஊர்கள் வீடுகளை இழந்தன. துறைமுகம் கட்டியதன் வரவு ஒரு அரசின் கணக்கில் ஏறியது, செலவு இன்னொரு அரசின் கரையில் விழுந்தது. கட்டியது தனியார் நிறுவனமல்ல, அரசு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செலவை எல்லைக்கு வெளியே தள்ளும் வசதி கிடைத்தால் யாரும் விடுவதில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் இதே காலாப்பட்டில்தான் இருக்கிறது. அங்குள்ள கெம்ஃபாப் ஆல்கலிஸ் ஆலை உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இரண்டு பக்கமும் கலந்துவிடாமல் பிரித்து வைப்பதில்தான் தொழில்நுட்பம் முழுவதும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து உலகெங்கும் பல ஆலைகள் இதற்குப் பாதரசத்தைப் பயன்படுத்தின. அதில் ஒரு பகுதி கழிவோடும் காற்றோடும் வெளியே போய்க்கொண்டே இருந்தது. காலாப்பட்டு ஆலை 1985-இல் பாதரசமே இல்லாத மெம்பிரேன் முறையில் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதல் முறை. இந்திய ஆலைகள் பாதரச முறையை 2012-க்குள் கைவிட வேண்டும் என்று மத்திய அரசு தொழிற்சாலைகளோடு பேசி முடிவுசெய்தது 2003-இல்தான். யாரும் கேட்பதற்கு முன்பே ஒரு நிறுவனம் சுத்தமான வழியைத் தேர்ந்திருக்கிறதே, இதற்கு என்ன பதில் என்று கேட்கலாம்.

பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஜப்பானில். மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தது. அந்த ஆலை தயாரித்தது வேறு பொருள், காஸ்டிக் சோடா அல்ல. ஆனால் மக்களின் கோபம் பாதரசம் என்ற சொல்லின் மேலேயே விழுந்தது. 1970-களில் ஜப்பான் அரசு தன் காஸ்டிக் சோடா ஆலைகளைப் பாதரசத்தை விடச் சொன்னது. அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ஜப்பானிய நிறுவனங்கள் மெம்பிரேன் முறையை வணிக அளவுக்குக் கொண்டுவந்தன. 1975-இல் நொபியோகாவில் அப்படியோர் ஆலை ஓடத் தொடங்கியது. காலாப்பட்டுக்கு வந்தது வேறொரு நாட்டின் சட்டம் பெற்றெடுத்த தொழில்நுட்பம். இரண்டாவது பதில் மின் கட்டணத்தில் இருக்கிறது. பாதரச முறையில் ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். மெம்பிரேன் முறையில் ஏறத்தாழ 2,500 யூனிட் போதும். இந்தத் தொழிலில் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் மின்சாரமே. சுத்தமான வழி மலிவான வழியாகவும் ஆகிவிட்டது. நிறுவனத்தின் முடிவைக் குறைத்துச் சொல்லவில்லை. புதிய தொழில்நுட்பத்தில் முதல் ஆளாகப் பணம் போடத் துணிச்சல் வேண்டும். ஆனால் அதைத் தன்னிச்சையான தியாகம் என்று படிப்பது வரலாறாகாது.

இந்த மெம்பிரேனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம்மை மறுபடியும் பாத்திக்குக் கொண்டுபோகிறது. அது மெல்லிய பாலிமர் சவ்வு. சோடியத்தை விடும், குளோரைடை விடாது. கால்சியமும் மக்னீசியமும் அதன் துளைகளில் படிந்தால் சீக்கிரம் பாழாகிவிடும். அதனால் உள்ளே போகும் உப்புக் கரைசலில் இவை நூறு கோடிக்குச் சில பத்துப் பங்கு அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. கடலுப்பில் மக்னீசியம் எங்கிருந்து வருகிறது? உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சி நிற்கும் கசப்புத் தண்ணீரிலிருந்து. அந்தத் தண்ணீரை எந்த நேரத்தில் வடிய விடுவது, வாரிய உப்பை வரப்பில் எவ்வளவு நேரம் குவித்து வடிய வைப்பது என்பது உப்பளத் தொழிலாளிக்குத் தெரிந்த வேலை. மரக்காணம் பக்கம் கந்தாட்டில் இந்த நிறுவனத்துக்குச் சொந்த உப்பளமும் உண்டு. கோடி கோடியாகச் செலவிட்டு அமைத்த சவ்வின் ஆயுள், வெயிலில் கண் கூச, உப்பில் பாதம் வெடிக்க நிற்கும் ஒருவரின் கைப்பக்குவத்திலிருந்து தொடங்குகிறது. ஆண்டறிக்கைகளில் மெம்பிரேனுக்கு இடமுண்டு; இந்தப் பக்குவத்துக்கு இடம் வந்ததாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ அதே நேரத்தில் தமிழ்நாட்டின் இன்னொரு மூலையில் பாதரசம் எதிர்த்திசையில் பயணம் செய்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த வெப்பமானி ஆலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்து எடுக்கப்பட்டு, கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊரிலுள்ள பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊர்மக்களும் சூழலியலாளர்களும் வெளிக்கொண்டுவந்த பிறகு ஆலை நின்றது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனாலும் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலைத்த வளர்ச்சியைப் பற்றி உலக மேடைகளில் அதிகம் பேசிய நிறுவனங்களுள் ஒன்று, இதன் தாய் நிறுவனமான யூனிலீவர். காலாப்பட்டில் பாதரசம் தவிர்க்கப்பட்டது, கொடைக்கானலில் கொண்டுவந்து இறக்கப்பட்டது என்ற வேறுபாட்டை நிறுவனங்களின் மனசாட்சியை வைத்து விளக்க முடியாது. ஓரிடத்தில் பாதரசத்தை விட்டால் லாபம், மற்றோரிடத்தில் வைத்துக்கொண்டால் லாபம், அவ்வளவுதான்.

எழுதிய கணக்கை அழித்த கதைக்கு வருகிறேன். 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகின. கழுவெளியைச் சுற்றியும் வந்தன. ஏற்றுமதியில் பெரும் பணம் இருந்தது. வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறியது, குடிநீர்க் கிணறுகள் உவர்த்தன, பண்ணைக் கழிவு கால்வாய்க்குப் போனது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், பண்ணைகளின் வருமானத்தைவிட அவற்றால் வரும் இழப்பே அதிகம் என்று கணக்கிட்டுக் கொடுத்தது. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி வந்த தீர்ப்பு இந்தக் கணக்கை அப்படியே ஏற்றது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. விளைநிலம், சதுப்பு, உப்பளம் எதையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. மாசு செய்தவர் இழப்பீடு தர வேண்டும், வேலை இழப்பவர்களுக்கு ஆறு ஆண்டுச் சம்பளம் தர வேண்டும் என்றது. 1818 உடன்படிக்கை விட்டுவிட்ட கூலியாட்கள் இந்த ஆவணத்தில் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலிருந்து இறால் வளர்ப்புக்கு முன்தேதியிட்டு விலக்குக் கொடுத்தது. நீதிமன்றம் நிறுவனங்களின் பேரேட்டில் எழுத வைத்த செலவு, ஒரு சட்டப்பிரிவால் மறுபடி ஊரார் கணக்குக்குப் போய்விட்டது. அரசு ஒழுங்குபடுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையை மறந்துவிடக் கூடாது.

வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்ற ஆட்சேபம் எப்போதும் வரும், வரவும் வேண்டும். ஆலை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அங்கே வேலை செய்பவர் வீட்டில். 2013-இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலை, வரி வருவாய், செம்புத் தேவை எல்லாவற்றையும் எடைபோட்டு, ஆலை ஓடலாம், ஆனால் 100 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. அந்த 100 கோடி எப்படி வந்தது என்று பாருங்கள். நிறுவனத்தின் ஓராண்டு வரவில் வட்டி, தேய்மானம், வரிக்கு முந்தைய லாபம் 1,043 கோடி. அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் தண்டனை உறைக்காது என்பதே நீதிமன்றத்தின் நியாயம். அதாவது தொகை லாபத்தை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. நிலத்துக்கும் நீருக்கும் வந்த சேதத்தை அளந்து போட்ட தொகையல்ல. ஐந்தாண்டு கழித்து, 2018 மே 22-ஆம் தேதி, மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. செலவை முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் வேலையையும் காப்பாற்றியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். வேலைக்கும் நீருக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும்படி மக்களைக் கொண்டுவந்து நிறுத்துவது, அந்தச் செலவை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதன் விளைவு.

பெரிய நிறுவனங்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள், இந்த மண்ணைக் கெடுத்தது அவர்களா என்று குயிலாப்பாளையத்துக்காரர் யாராவது கேட்டால் அதில் நியாயமுண்டு. 1968-இல் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் செம்மண் பொட்டலாகக் கிடந்தது. மழை பெய்தால் ஓடைகள் மண்ணை வாரிக்கொண்டு கடலைச் சிவப்பாக்கும். ஒரு காலத்தில் இங்கே இருந்த பசுமை மாறாக் குறுங்காட்டின் மிச்சத்தைக் காண வேண்டுமென்றால் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடங்களுக்குத்தான் போக வேண்டும். மற்றதை விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உழவுக்கும் ஆயிரம் கைகள் எடுத்துக்கொண்டன. எந்தக் கம்பெனியின் முத்திரையும் அதில் இல்லை. சரி. ஆனால் அதைச் சரிசெய்ய என்ன ஆயிற்று? வரப்பு எடுத்து மழைநீரை நிறுத்தி, வறட்சி தாங்கும் மரங்களை முதலில் வளர்த்து, அவற்றின் நிழலில் பழைய காட்டு மரங்களைக் கொண்டுவர அரை நூற்றாண்டு பிடித்தது. மண்வெட்டி பிடித்ததில் சுற்றுவட்டார ஊர்க்காரர்களின் கூலி உழைப்பும் பெரிது. பணம் லாபத்திலிருந்து வரவில்லை. பெரும்பாலும் நன்கொடை, மானியம். அதற்குள் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, கடலோர நிலத்தடி நீரில் உவர் ஏறும் அபாயம் வந்துவிட்டது. ஒரு சிறு மேட்டு நிலத்தைத் திருப்பிக் கொண்டுவரவே இவ்வளவு காலமும் இவ்வளவு பிறர் பணமும் என்றால், ஓர் ஆலை ஒரே தலைமுறையில் கெடுக்கக்கூடிய நிலத்தடி நீருக்கு எந்த அபராதம் ஈடாகும்? ஆயிரம் கைகள் செய்த சேதத்துக்கு யார் கணக்கு என்று கண்டுபிடிப்பது கடினம். ஒரு நிறுவனம் செய்தால் முகவரி இருக்கிறது, பேரேடு இருக்கிறது. அதனால்தான் அதனிடம் கேட்க முடிகிறது, கேட்கவும் வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, ஏரிக்கரையில் மரக்கன்று எல்லாம் இதில் வந்திருக்கின்றன. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது லாபம் முடிவான பிறகு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது. லாபம் எப்படி வந்தது என்ற கேள்விக்குள் இந்தச் சட்டப்பிரிவு நுழைவதில்லை. உறிஞ்சிய நீருக்கும் விட்ட கழிவுக்கும் உரிய செலவைக் கழித்த பிறகு லாபம் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் வேறு: சுற்றுச்சூழல் அனுமதி.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெரிய ஆலை புதிதாக வரவோ விரிவடையவோ வேண்டுமென்றால் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை ஊர் மொழியில் தர வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போய் அனுமதியின் நிபந்தனைகளைப் படித்துக் கேட்பவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களாகவும் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களாகவும் இருக்க வேண்டும். காலாப்பட்டு ஆலைகளின் நிலத்தடி நீர் அளவீடுகளைப் புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்து எடுத்து ஒரே இடத்தில் வெளியிட வேண்டும் என்பது இரண்டு அரசுகளிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை. 2023 நவம்பரில் காலாப்பட்டில் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் தீ விபத்து நடந்து தொழிலாளர்கள் காயமடைந்தபோது ஊர்மக்கள் சாலைக்கு வந்தார்கள். அத்தனை பேர் ஒவ்வொரு அரையாண்டும் ஓர் அறிக்கையைக் கேட்டு வந்தால் அதன் பலன் வேறாக இருக்கும். அனுமதி பெற்ற நிறுவனம், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1-ஆம் தேதியும் டிசம்பர் 1-ஆம் தேதியும் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.